போற விலைக்கு

பூமாரி ஒரு விலை சொன்னால் அதை இறக்க ஆள் பிறந்துதான் வரவேண்டும். தாராவியில் அவள் முறுக்குப் பட்டறை இருக்கிற சந்துக்கே இது தெரியும். மாவுக்காரனுக்குத் தெரியும், எண்ணெய் டின் இறக்குகிறவனுக்குத் தெரியும், குர்லாவிலிருந்து வாரம் இரண்டு தடவை டெம்போவில் வந்து சரக்கு எடுக்கும் நகுல் சேட்டுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். கிலோ நூற்றறுபது என்றால் நூற்றறுபதுதான். வேண்டாமென்றால் விடுங்கள் சேட், பாக்கெட் ஒட்டியாகிவிட்டது, பத்து நாளைக்கு நமுத்துப் போகாது என்று தன் அரைகுறை இந்தியில் சொல்லிவிட்டு முறுக்கு அச்சைக் கையில் எடுத்துக்கொள்வாள். சேட் சந்து முனைவரைக்கும் போவார். ஒரு டீ குடிப்பார். திரும்பி வந்து பணத்தை எடுத்து வைப்பார்.

அப்படிப்பட்டவள் போனில், "ஆப் ஹீ போலோ சேட், முஜே க்யா மாலூம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்களே சொல்லுங்கள், எனக்கென்ன தெரியும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை, மழை தகரத்தில் அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. ஹார்பர் லைனில் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தும் மெகா பிளாக் தொடங்குமுன்னே மான்குர்தில் ரயிலேறி, ஜி.டி.பி. நகரில் இறங்கி, நனைந்த குடையோடு பட்டறை வாசலுக்கு வந்து நின்ற வெங்கடேஷின் காதில் அது தெளிவாக விழுந்தது. அவனுக்குச் செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. அக்காவின் வாயிலிருந்து அந்தப் பேச்சு வரக் காரணம் தான்தான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"வாங்க மாப்ள. ஏன் வாசல்லயே நிக்கீரு? உள்ள வாரும்" என்றார் அத்தான் சுடலைக்கண்ணன். இரண்டாவது அடுப்பில் அவர் முறுக்கைப் புரட்டிக்கொண்டிருந்தார். வேர்வையில் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பத்துக்குப் பதினெட்டு அடி. உள்ளே இரண்டு அடுப்பு. ஒரு ஓரத்தில் மாவு பிசையும் தொட்டி, இன்னொரு ஓரத்தில் ஷரீஃபுன்னிசாவும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து பாக்கெட் போடும் பாய். முன்னால் சில்லறை வியாபாரத்துக்கு ஒரு மேசையும் தராசும். ஓமமும் எள்ளும் காய்ந்த எண்ணெயும் கலந்த வாசம் உடுப்பில் ஏறினால் இரண்டு நாளைக்குப் போகாது. ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர்கள் திங்கட்கிழமை தோறும் அவனை முகர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள்.

"என்னல, முகமெல்லாம் செத்துப்போயி கெடக்கு? மாரிசெல்விகூடச் சண்டையா?" என்றாள் பூமாரி. மாரிசெல்வி அவன் மனைவி.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"பின்ன உக்காரு. காப்பி போடச் சொல்லுதேன்."

அவன் கையிலிருந்த இனிப்புப் பெட்டியை மேசைமேல் வைத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிடைத்த பெட்டி. வீட்டில் வைத்தால் ஒரு துண்டு தொண்டையில் இறங்கவில்லை. தூர எறியவும் மனசு வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெங்கடேஷ் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பங்குத் தரகர் ஆபீசில் வேலை பார்க்கிறான். வாடிக்கையாளர்கள் போன் பண்ணி வாங்கு, விற்றுவிடு என்பார்கள். அவன் கம்ப்யூட்டரில் அதைப் போடுவான். அவ்வளவுதான் வேலை. ஆனால் மாதம் இத்தனை புதுக் கணக்குத் திறக்கவேண்டும் என்று மேலேயிருந்து நெருக்கடி. பிப்ரவரி மாதம் ஒரு கணக்குக் குறைந்தது. அக்கா பேரில் திறந்தான். அவளுக்குக் கம்ப்யூட்டர் கடுதாசி எல்லாம் படிக்கத் தெரியாதே என்று இமெயில் விலாசத்துக்குத் தன்னுடையதையே கொடுத்தான். அப்போது அது உதவியாகத்தான் பட்டது.

சும்மா கிடந்த கணக்கில் பூமாரிக்கு ஆசை வந்தது பாக்கெட் ஒட்டும் பெரிய மெஷினைப் பார்த்த பிறகு. அது வந்துவிட்டால் சொந்தப் பேர் போட்டு மாட்டுங்கா கடைகளுக்கு நேரே சரக்குக் கொடுக்கலாம், நகுல் சேட்டின் வாயைப் பார்க்கவேண்டாம். மெஷின் ஒன்றரை லட்சத்துக்கு மேல். கைவளையல் ஒரு ஜோடியைப் புருஷனுக்குத் தெரியாமல் அடகு வைத்து, தொண்ணூற்றாறாயிரத்தைத் தம்பி கையில் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆப்ஷன் என்றால் என்ன என்பதை அவன் இதே பாயில் உட்கார்ந்துதான் அவளுக்கு விளக்கினான். "எண்ணெ மண்டியில ஒரு டோக்கன் வாங்குதன்னு வச்சுக்கோ. மாசக் கடைசி வரைக்கும் ஒனக்கு இன்னைக்கு வெலையிலயே எண்ணெ தருவான். வெல ஏறிச்சுன்னா அந்த டோக்கனுக்கே மவுசு. வேற ஆளுக்கு வித்திரலாம். ஏறலன்னா டோக்கன் காசு போச்சு."

"அப்ப எண்ணெய வாங்கப்பிடாது. டோக்கனத்தான் வித்துப்போடணும்."

"அதேதான். விக்கதுக்கு ரெண்டு வழி இருக்குக்கா. ஒண்ணு மார்க்கெட்டு. இப்ப எவன் என்ன வெலைக்கு நிக்கானோ அவன்ட்டத் தள்ளிவிட்டுட்டு வாரது. இன்னொண்ணு லிமிட்டு. நம்ம வெலய எழுதி வச்சிட்டு நிக்கது. அதுக்குக் கொறஞ்சு போவாது. ஆனா ஆள் வரலன்னா விக்காமலும் போவும்."

பூமாரி சிரித்துவிட்டாள். "இதுல ரெண்டு என்னல இருக்கு? ரெண்டாவது சொன்னதுதான் யாவாரம். மொதச் சொன்னது நம்ம அப்பா மழைக்குப் பயந்து செஞ்சதுல்லா."

அவர்களுடைய அப்பாவும் இதே சந்தில் முறுக்குப் போட்டவர்தான். அந்தக் காலத்தில் பாக்கெட் ஏது? எல்லாம் டின்னில் திறந்து கிடக்கும். மேகம் கறுத்தால் அப்பாவுக்குக் கைகால் ஓடாது. ஈரக்காற்றுப் பட்டால் மறுநாள் முறுக்கு நமுத்துவிடும். "போற வெலைக்குத் தள்ளிட்டு வால" என்று டின்னைத் தூக்கி வெங்கடேஷின் தலையில் வைத்து விரட்டுவார். பாதி விலை, கால் விலை, எதுவானாலும் சரி. அப்படி விற்று விற்றே கடன்பட்டுப் போய்ச் சேர்ந்தார். பூமாரி பட்டறையைக் கையில் எடுத்ததும் முதலில் ஒழித்தது அந்தப் பழக்கத்தைத்தான். வெங்கடேஷ் பி.காம் படித்தான், செம்பூரில் ஏ.சி. அறையில் உட்கார்ந்தான், ஆனாலும் மேகம் கறுத்தால் இன்றைக்கும் அவனுக்குக் கையிலிருப்பதைத் தள்ளிவிடத்தான் தோன்றும்.

ஒரு சிமெண்ட் கம்பெனியின் ஆப்ஷன். இருபத்துநான்கு ரூபாய் வீதம் நாலாயிரம் வாங்கிப் போட்டான். விலை மளமளவென்று ஏறியது. மூன்று வாரத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபதுக்குப் பூமாரி போன் பண்ணினாள். திரையில் கடைசியாக நடந்த விலை நாற்பது.

"நாப்பத்திரண்டு ரூவாக்குப் போட்டுவிடு. அதுக்கு ஒரு பைசா கொறஞ்சு குடுக்காத. போவலன்னா கெடக்கட்டும், நாளைக்குப் பாப்போம்" என்றாள். பின்னால் எண்ணெய் சடசடக்கும் சத்தம் கேட்டது. மெஷின் காசு, வளையல் திருப்பும் காசு எல்லாம் மனசில் கூட்டிக் கழித்துத்தான் அந்த நாற்பத்திரண்டைச் சொல்லியிருப்பாள்.

அதே நேரம் இன்னொரு காதில் மாட்டுங்கா சேஷாத்ரி சார். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, பெரிய கணக்கு. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆள் நடமாட்டம் குறைந்த ஆப்ஷன்களில் அடிமாட்டு விலைக்கு வாங்கச் சொல்லி ஆர்டர் போட்டு வைப்பார். "கெடக்கட்டுமே வெங்கடேஷ், எந்த அசடாவது அவசரத்துல வந்து விழுவான்" என்பார். அன்றைக்குக் காலையில் அதே சிமெண்ட் ஆப்ஷனில் ஆறு ரூபாய்க்கு மூவாயிரம் வாங்குவதாக அவர் பேரில் ஆர்டர் போட்டது வெங்கடேஷேதான். இப்போது வேறொரு விற்பனைக்காக அவர் லைனில் இருந்தார். நூற்றுப்பத்து போடு, வேண்டாம் நூற்றொன்பதரை, திரும்ப மாற்று, கொஞ்சம் பொறு. இருபது நிமிஷமாக அவர் விலையை ஐந்து தடவை திருத்திக்கொடுத்திருந்தான். முகம் சுளிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே வானம் கரேலென்று இருட்டிக்கொண்டு வந்தது. சிமெண்ட் ஆப்ஷனில் யாரோ வாங்குகிறவர்கள் விலகினார்கள். நாற்பது, முப்பத்தாறு என்று திரை துடித்தது. லிமிட் போட்டால் விலையை எழுதவேண்டும், கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். நம்ம அக்காதானே, இறங்குவதற்குள் தள்ளிவிடுவோம், அவளுக்கும் நல்லதுதான் என்று தோன்றியது. மார்க்கெட் என்பதை அழுத்தினான்.

மூன்று நொடிகூட ஆகவில்லை. ஆயிரம் முப்பத்தொரு ரூபாய்க்குப் போனது. அதற்குக் கீழே வாங்க நின்றவர் ஒரே ஒருவர்தான். மிச்சம் மூவாயிரமும் ஆறு ரூபாய்க்கு அவரிடம் போய் விழுந்தது. பதினொன்று ஐம்பதுக்கு அதே ஆப்ஷன் நாற்பத்துமூன்றில் நடந்தது. சேஷாத்ரி சார் மூவாயிரத்தையும் அங்கே விற்றார். ஒரு லட்சத்துப் பதினோராயிரம் லாபம்.

இது தப்பு. ஆனால் பெரிய தப்பு அதற்குப் பிறகு செய்ததுதான். சாயங்காலம் பூமாரி கேட்டபோது அவன் இப்படிச் சொன்னான்: "நீ நாப்பத்திரண்டுலயே நின்னுட்டியா, யாரும் வரலக்கா. அதுக்குள்ள சடசடன்னு விழுந்துட்டு. கெடச்ச வெலைக்கு வித்தேன். நாப்பத்தொம்பதாயிரம்தான் தேறிச்சு." விற்ற விவரக் கடுதாசி அவன் இமெயிலுக்கே வந்திருந்தது, அவள் பார்க்க வழியில்லை. பூமாரி, "எம் பேராசதாம்ல" என்றாள்.

காப்பி வந்தது. சுடலைக்கண்ணன் எண்ணெயை வடியவிட்டுக்கொண்டே பேசினார். "சேட்டு நாலு மணிக்கு வாரேன்னாரு மாப்ள, இப்ப பன்னண்டுக்கே வாராராம். கணவதி பூச தொட்டு தீவாளி முடிய மொத்தச் சரக்கும் அவருக்கு. கிலோ நூத்தி முப்பது. இன்னைக்குப் பேசி முடிச்சு அட்வான்ஸ் வாங்கிரணும்."

"அடக்கமே நூத்தி முப்பத்தெட்டு வருமே அத்தான்."

"வரும். என்ன செய்யச் சொல்லுதீரு? வளையல மீக்கணும்லா. ஒம்ம அக்காட்ட வெல சொல்லுன்னா சொல்லமாட்டேங்கா. அடகு வச்சது தெரிஞ்சதும் நானும் ஏசத்தான் ஏசினேன், இல்லங்கல. அதுக்காவ இப்பிடியா? மூணு வாரமா மண்டயக் குனிஞ்சு பிழிஞ்சிட்டே கெடக்கா."

ஷரீஃபுன்னிசா பாக்கெட்டை மடித்தபடியே கேட்டாள். "நூத்தி முப்பதுக்குக் குடுத்தா எங்களுக்குக் கூலி எங்கிருந்துமா வரும்?"

"ரெண்டு பேர நிப்பாட்டத்தான் வேணும்" என்றார் சுடலைக்கண்ணன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "பாக்கெட்டே வேண்டாம், டின்னுல தட்டிக் குடுங்கங்காரு சேட்டு."

டின் என்ற சொல்லைக் கேட்டதும் வெங்கடேஷுக்கு உச்சந்தலை வலிப்பதுபோல இருந்தது. ஷரீஃபுன்னிசா பன்னிரண்டு வருஷமாக இந்தப் பாயில் உட்கார்ந்திருப்பவள்.

"பூமாரி, நீ வாயத் தொறந்து ஒரு வெல சொல்லேன்மா. அவரு என்ன புதுசா?" என்றாள் ஷரீஃபுன்னிசா.

"நான் வெல சொல்லி வெளங்குனது போதும்க்கா. நாப்பத்திரண்டு நாப்பத்திரண்டுன்னு ஒத்தக்கால்ல நின்னு கையிலிருந்ததயும் விட்டவ. இந்தா, அவன்ட்டயே கேளுங்க. சொல்லுல, நான் அன்னைக்கு அப்பிடி நிக்காம இருந்தா காசு வந்திருக்கும்லா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். ஆனால் தலை தானாக ஆடியது. ஆமாம் என்று. அவன் தன்னையே காறித் துப்பிக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

"பாத்தியளா" என்றாள் பூமாரி. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் வெறுமனே சொன்னாள். பிறகு மேசையைப் பார்த்தாள். "அது என்ன பெட்டி? கொண்டாந்தத சொல்லவே இல்லய."

பெட்டியைத் திறந்து ஷரீஃபுன்னிசாவுக்கும் மற்றப் பெண்களுக்கும் ஆளுக்கொரு மைசூர்பாகு கொடுத்தாள். அத்தானுக்கு வாயில் போட்டுவிட்டாள், கை எண்ணெயாக இருந்ததால். தானும் ஒரு துண்டு கடித்தாள். "நெய் மணக்கு. மாட்டுங்காவா? யாரு குடுத்தா?"

"ஆபீசுக்கு வார ஒரு சாரு."

"என்ன விசேசமாம்?"

"அவருக்கு ஒரு யாவாரத்துல நல்ல லாபம்."

"நல்லாருக்கட்டும். ஒன்ன நெனச்சுக் குடுத்திருக்காரு பாரு" என்று சொல்லி விரலை நக்கினாள்.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"அக்கா, அது ஒன் காசுக்கா."

பூமாரி புரியாமல் பார்த்தாள். அவன் நின்றபடியே சொன்னான். நாற்பத்திரண்டை எழுதவே இல்லை என்பதில் தொடங்கி, மார்க்கெட்டை அழுத்தியது, ஆறு ரூபாய்க்கு விழுந்தது, விழுந்த இடத்தில் விரித்திருந்தது இந்தப் பெட்டியைக் கொடுத்த சேஷாத்ரி சாரின் ஆர்டர், அதைப் போட்டு வைத்ததும் தன் கைதான் என்பதுவரை சொன்னான். தெரிந்தும் அவள்மேல் பழி போட்டதையும் சொன்னான். நிறுத்தினால் திரும்பத் தொடங்கமுடியாது என்று பயந்து சொல்லிக்கொண்டே போனான்.

சுடலைக்கண்ணன் கரண்டியோடு எழுந்தார். பூமாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். எண்ணெயில் கிடந்த ஈடு கருகப் பார்த்தது. ஜல்லிக்கரண்டியை எடுத்து ஒவ்வொன்றாக அள்ளிக் கூடையில் போட்டு முடித்து, அடுப்பைத் தணித்துவிட்டுத்தான் அவன் பக்கம் திரும்பினாள்.

"எத்தன மணிக்கு வித்த?"

"பதினொண்ணு இருவத்தொண்ணு."

"நாப்பத்திரண்டு எப்ப வந்துச்சு?"

"பதினொண்ணு அம்பதுக்குள்ள நாப்பத்திமூணே போயிட்டு."

"அப்ப நான் சொன்ன வெல சரி."

"சரிக்கா."

"அந்த சாருக்கு எப்பிடிப் போட்ட?"

"லிமிட்டு. அஞ்சு தடவ மாத்திக் குடுத்தேன்."

"எனக்கு ஒரு தடவ எழுத முடியல."

அவன் இனிப்புப் பெட்டியை எடுத்து மூடினான்.

"ஏம்ல?"

அவனுக்கு மேகத்தைச் சொல்லலாம், அப்பாவைச் சொல்லலாம், இரண்டு போனைச் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அடியில் கிடந்தது வேறு. "நீ கேக்கமாட்டன்னுதாங்க்கா. அவருன்னா கேப்பாரு. நீ என்ன கொறஞ்சாலும் தம்பின்னு விட்டுருவ."

பூமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை. மழை சற்று விட்டிருந்தது.

"ஆபீஸ் போன்ல பேசுனதெல்லாம் ரெக்கார்டு ஆயிருக்கும்க்கா" என்றான் அவன். "நீ சொன்ன நாப்பத்திரண்டு அதுல இருக்கு. புகார் எழுதிக் குடுத்தா கம்பெனி ஒனக்குப் பணம் தரணும். எஞ் சம்பளத்துல பிடிப்பாங்க. வேல இருக்காது. இருந்தாலும் நீ எழுதிக் குடு."

"நாளைக்குப் பத்து மணிக்கு வாரேன். செம்பூர் ஸ்டேஷன்ல வந்து நில்லு. எனக்கு வழி தெரியாது" என்றாள்.

அவள் வேண்டாம் என்று சொல்லுவாள் என்று மனசின் ஒரு மூலை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. அதற்காகவும் வெட்கப்பட்டான்.

நகுல் சேட் வந்தபோது பன்னிரண்டு ஆகவில்லை. பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, சேற்றில் கால் வைத்துத் தாண்டி வந்து, சிரித்துக்கொண்டே நூற்று முப்பது என்றார். சுடலைக்கண்ணன் மனைவியைப் பார்த்தார். பூமாரி புது மாவை அச்சில் அடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏக் சௌ சாட்" என்றாள். நூற்றறுபது. "பாக்கெட்டுலதான் தருவேன். டின்னுல கெடையாது."

சேட் ஏதேதோ சொன்னார். போனில் வேறு மாதிரி பேசினாயே என்றார். அது வேற ஆளு என்றாள் பூமாரி. சேட் இரண்டு நிமிஷம் நின்று பார்த்தார், பிறகு குடையை விரித்து சந்து முனைக்குப் போனார். டீக்கடையில் ஒதுங்கியவர் டெம்போவுக்குப் போகிறாரா இல்லையா என்று ஷரீஃபுன்னிசா எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் கெளம்புதேன்க்கா" என்றான் வெங்கடேஷ்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கிளம்பும்போது பூமாரி ஒரு பையில் முறுக்கை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டுத் தருவாள். அது கிலோவா ஒன்றேகாலா என்று யாரும் பார்த்ததில்லை. ஐந்து வருஷமாக அதுதான் வழக்கம். இன்றைக்கும் எழுந்து வந்து பையை எடுத்தாள். அவனுக்கு நெஞ்சு இளகியது.

பையைத் தராசில் வைத்தாள். அள்ளிப் போட்டாள். ஆயிரத்துப் பன்னிரண்டு கிராம் காட்டியது. ஒரு முறுக்கை எடுத்து அதில் பாதியை ஒடித்துத் திரும்பப் போட்டாள். ஆயிரம். வாயை மடித்து ஒட்டி அவன் முன்னால் வைத்தாள்.

"நூத்தி அறுவது" என்றாள்.

சுடலைக்கண்ணன்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டார். வெங்கடேஷ் போனை எடுத்தான். விரல் ஈரமாக இருந்ததால் இரண்டு தடவை துடைத்துக்கொண்டுதான் மேசையில் ஒட்டியிருந்த கட்டத்தை ஸ்கேன் பண்ண முடிந்தது. சுவரில் மாட்டியிருந்த சின்னப் பெட்டி, நூற்றறுபது ரூபாய் வந்து சேர்ந்தது என்று இந்தியில் பட்டறை முழுவதும் கேட்கச் சொன்னது. பையை எடுத்துக்கொண்டு அவன் திரும்பிப் பார்த்தான். அக்கா அடுத்த ஈடு பிழியக் குனிந்துவிட்டாள்.